செம்பருத்தியை அழித்துவிட்டோம், அக்கா

என் அன்பு ராஜேஸ்வரி அக்கா,

சாப்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். வெறும் வயிற்றோடு யாரோடும் சண்டைக்குப் போகாதே என்பீர்கள். இது சண்டைக் கடிதம். உங்களோடு இல்லை, உங்களுக்காக நாங்கள் போட்ட சண்டை. எல்லாரும் படிக்கும்படிதான் எழுதுகிறேன், அந்தக் கம்பெனிக்காரர்களும் சேர்த்து.

படிக்கிறவர்களுக்கு முதலில் நம் உறவைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது. நாம் உடன்பிறந்தவர்கள் இல்லை. நீங்கள் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் பந்திங்கிலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போய்வருகிறவன். சந்தித்தது ஓர் இணைய விளையாட்டில். ஊர் ஊராக ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே நடமாடுகிற விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம், ஆளுக்கொரு பெயர். நீங்கள் செம்பருத்தி என்கிற வைத்தியச்சி. நான் வாள் வீசத் தெரியாத வாள்வீரன்.

அந்தச் சதுப்பு நிலத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. புதிதாக வருகிறவன் எவனும் அதைத் தனியாகத் தாண்ட முடியாது, முதலை பாதி வழியிலேயே ஆளை முடித்துவிடும். மற்ற வைத்தியச்சிகள் பெரிய குழுக்களோடு சேர்ந்து அரக்கனைக் கொல்லப் போவார்கள். நீங்கள் மட்டும் அந்தச் சேற்றிலேயே நின்று, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மருந்து போட்டு அக்கரைக்கு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். நான் செத்து விழுந்து கிடந்தபோது நீங்கள் தட்டிய முதல் வரி, "எந்த ஊரு தம்பி? சாப்டாச்சா?" பந்திங் என்றேன். "அட, பக்கத்துலதான் லா. எழுந்திரிங்க, போவோம்" என்றீர்கள்.

நம் குழு அப்படித்தான் சேர்ந்தது. டெங்கில் ஊர்க்காரன் லோகனும் அதே சேற்றில் கிடைத்தவன்தான். மற்ற குழுக்காரர்கள் நம்மைக் கேலி செய்வார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் நம் ஆட்கள் யாரும் சண்டை போடக்கூடாது என்பது உங்கள் சட்டம். அரக்கனைப் பாதி அடித்திருப்போம். "நேரமாச்சு, எல்லாரும் வெளிய வந்து உட்காருங்க, விளக்கு ஏத்திட்டு வரேன்" என்று போய்விடுவீர்கள். கவசம் போட்ட வீரர்கள் எல்லாரும் கோட்டை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். நீங்கள் திரும்பி வருவதற்குள் அரக்கனுக்குப் போன உயிரெல்லாம் ஏறியிருக்கும். லோகன் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் ஒரு நாளும் எழுந்து போனதில்லை.

பிறகு அந்த ஆட்டோ பொத்தான் வந்தது. அதை அழுத்திவிட்டால் ஆளே வேண்டாம். கைப்பேசியை மேசையில் போட்டுவிட்டு நாம் சமைக்கலாம், தூங்கலாம், கேரக்டர் தானே நடக்கும், தானே வெட்டும், தானே பொறுக்கும். கூடவே காசு கொடுத்தவர்களுக்குப் பறக்கும் குதிரையும் வந்தது. அது ஒரே தாவலில் சதுப்பு நிலத்தைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு சேற்றில் யாருமே விழவில்லை. விழாதவனுக்கு வைத்தியச்சி எதற்கு? நீங்கள் அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தீர்கள்.

நான் ஒரு நாள் கேமின் சந்தைத் தெருவில் நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வணக்கம் போட்டுப் பார்த்தேன். நெரிசல் தாங்கவில்லை, ஆனால் ஒருத்தருக்கும் வாய் இல்லை. ஒரே ஒருவன் பதில் போட்டான். அவனும் வாள் விற்பதற்காக எவனோ ஓட விட்டிருந்த இயந்திரம். உங்களிடம் வந்து புலம்பினேன். நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "நாம விளையாட வந்தோமா வேலைக்கு வந்தோமா, தம்பி? காலையில எழுந்தா இதை முடி, அதை முடின்னு சொல்லுது. எங்க ஆபிஸ்லயாவது மத்தியானம் சாப்பிட விடுறாங்க." கடைசிவரை நீங்கள் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. தரவரிசைப் பட்டியலில் நம் பெயர் கீழே கீழே போனது, போகட்டும் என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது கடவுச்சொல்லை என்னிடமும் லோகனிடமும் கொடுத்தீர்கள். குழுத் தலைவர் தொடர்ந்து உள்ளே வராவிட்டால் கேம் பதவியைப் பறித்துவிடும் என்பதால். "கொஞ்ச நாள் பார்த்துக்குங்க, வந்திடுறேன்" என்றீர்கள். வரவில்லை. மோரிப் கடலில் உங்களைக் கரைத்துவிட்டு ஈரக் காலோடு திரும்பினோம்.

உங்கள் இடத்தில் உட்கார யாருக்கும் மனசு வரவில்லை. லோகன்தான் வழி சொன்னான். பழைய கைப்பேசி ஒன்றில் செம்பருத்தியை ஏற்றி, ஆட்டோவில் போட்டு, அவன் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே சார்ஜரோடு வைத்தான். "அக்கா நடந்துக்கிட்டே இருக்கட்டும் லா" என்றான். குழுவில் எல்லாருக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது. அணையா விளக்கு போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். தினமும் உள்ளே போனால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும், அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவோம்.

ஆட்டோவுக்குக் களைப்பு ஏது? விளக்கு வைக்கிற நேரமாவது ஏது? செம்பருத்தி வெட்டிக்கொண்டே இருந்தாள். மருந்து போடுகிற வைத்தியச்சி, கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினாள். சீசன் முடிந்தபோது கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. செம்பருத்திதான் இந்த சீசனின் ஓயாத வீரராம். கோலாலம்பூரில் ஒரு மாலில் விழா, நேரில் வந்து பரிசு வாங்க வேண்டுமாம்.

உங்கள் மகள் யமுனாவிடம் சொன்னேன். "அம்மா என்னத்த ஜெயிச்சாங்கன்னு நானும் பார்க்கணும், அங்கிள்" என்று கிளம்பிவிட்டாள். லோகன் காடி ஓட்ட, மூன்று பேரும் போனோம். அவன் இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. கோயிலுக்குப் போவது போலத்தான் வந்தான்.

மேடையில் ஒரு பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாள் கூட லீவு இல்லை, ஒரு மணி நேரம் கூட தூக்கம் இல்லை, செம்பருத்தி எங்கே?" என்று கத்தினான். நான் ஏறினேன். எனக்கு மேடை பழக்கமில்லை என்று உங்களுக்குத் தெரியும். மைக்கை வாங்கிச் சொன்னேன். "அவங்க இறந்துட்டாங்க. நீங்க லீவு எடுக்கலைன்னு சொல்ற இந்த சீசன் முழுக்க அவங்க உயிரோட இல்ல." அந்தப் பையன் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பிறகு, "மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் செம்பருத்திக்காக எல்லாரும் பலமாகக் கை தட்டுங்கள்" என்றான். தட்டினார்கள், அக்கா. எழுந்து நின்று தட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கீழே இறங்கியதும் கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். நம்ம ஆள்தான், சின்ன வயசு, பணிவான பேச்சு. "அண்ணே, நெகட்டிவா எடுக்காதீங்க லா. அக்காவுக்கு கேம் உள்ளேயே ஒரு சிலை வைக்கிறோம், சந்தை நடுவுல. ஒரு சின்ன வீடியோவும் எடுப்போம். 'மரணத்தாலும் நிறுத்த முடியாத வீரர்'னு. கேரக்டர் மட்டும் இப்படியே ஓடிக்கிட்டு இருக்கட்டும்." லோகன் கண் கலங்கி என் கையைப் பிடித்தான். சிலை என்ற சொல்லிலேயே அவன் விழுந்துவிட்டான்.

யமுனா முன்னால் வந்தாள். அந்த அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா இருந்தப்போ உங்க பட்டியல்ல எங்க இருந்தாங்க?" பதிலையும் அவளே சொன்னாள். "கடைசியில எங்கயோ இருந்தாங்க. இறந்த பிறகு முதல் ஆளா வந்துட்டாங்க. அப்போ எங்கம்மா உயிரோட இருந்ததுதான் உங்க கேமுக்கு இடைஞ்சல், இல்லையா?" அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் நிற்கவில்லை. உங்கள் நடைதான் அக்கா, அதே விறுவிறு.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். லோகன் இலையில் கை வைக்கவில்லை. "கடல்ல கரைச்சிட்டோம். போய் நின்னு அழறதுக்கு ஒரு இடம் வேணாமா? சிலை இருந்தா நாம போய்ப் பார்க்கலாம்ல?" என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் நான் விடவில்லை. "சமாதியில எவனாவது விளம்பரம் ஒட்டினா சும்மா இருப்பியா? அக்கா காலம் முழுக்க ஆபிஸ்ல உழைச்சாங்க, வீட்டுல உழைச்சாங்க. செத்த பிறகும் இவனுங்களுக்கு உழைக்கணுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கேரக்டரின் பெயரும் உருவமும் கம்பெனிக்குச் சொந்தம் என்று விதிமுறையில் இருக்கிறதாம், அந்த அதிகாரியே சொன்னார். ஆனால் அழிக்கிற உரிமை மட்டும் கணக்கை வைத்திருக்கிறவரிடம்தான். அந்த ஒன்றுதான் நம் கையில் மிச்சம். என் கைப்பேசியில் உங்கள் கணக்கைத் திறந்து யமுனாவிடம் கொடுத்தேன். அவள் முதலில் ஆட்டோவை நிறுத்தினாள். செம்பருத்தி வெட்டுவதை விட்டுவிட்டுச் சும்மா நின்றாள். கொஞ்ச நேரம் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அழிக்கும் இடத்தில் உங்கள் கேரக்டர் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

அதோடு முடியவில்லை. ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அதற்குள் யார் உள்ளே நுழைந்தாலும் கேரக்டர் திரும்ப எழுந்துவிடும். உண்மையைச் சொன்னால் நான் பயந்தது கம்பெனியைப் பார்த்து இல்லை, லோகனைப் பார்த்துத்தான். அவனுக்குக் கடவுச்சொல் தெரியும். என்னோடு பேசுவதையும் நிறுத்தியிருந்தான்.

கடைசி நாள் மாலை, நான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் பந்திங்கில் அவன் காடி நிற்கிறது. இறங்கி வந்து அந்தப் பழைய கைப்பேசியை என் கையில் திணித்தான். "நீ வச்சுக்க. என் கையில இருந்தா உள்ள போயிடுவேன்" என்றான். பக்கத்துக் கடையில் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கிளாஸ் காலியான பிறகும் உட்கார்ந்திருந்தோம். கெடு முடிந்ததும் என் கணக்கிலிருந்து செம்பருத்தி என்று தேடினேன். 'இந்தப் பெயரில் யாரும் இல்லை' என்று வந்தது. லோகன் அதை வாய்விட்டுப் படித்தான். "இல்லதான். அவனுங்ககிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான்.

என் வாள்வீரனையும் அழிக்கச் சொல்லிவிட்டேன். லோகன் இன்னும் விளையாடுகிறான், நான் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் செய்தது உங்களுக்குச் சம்மதம்தானா, அக்கா? சிலையைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்களோ? தெரியவில்லை. தெரியாமலேதான் செய்தோம், திரும்பக் கேட்டாலும் செய்வேன். சந்தை நடுவில் வேறு யாருக்கோ சிலை வைத்திருக்கிறார்களாம். அந்த ஆளாவது உயிரோடு இருக்கட்டும்.

இனி நல்ல சேதி. யமுனாவுக்குக் கல்யாணம், கிள்ளானில். போன வாரம் மாப்பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தாள், கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. பத்திரிகை வைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "அம்மாவுக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல. தாய்மாமன் மாலை நீங்கதான் போடணும், மாமா" என்றாள். அங்கிள் எப்போது மாமாவாக மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

உங்கள் சொந்தக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். இப்போதே, பந்திங்கில் எந்தத் தம்பி, எந்த வகையில் உறவு என்று யமுனாவைக் குடைகிறார்களாம். குடையட்டும். மண்டபத்தில் என்னிடமே வந்து கேட்கட்டும். ஒன்றுவிட்ட தம்பி, தூரத்து உறவு என்றெல்லாம் மழுப்ப மாட்டேன். கேமில் கிடைத்த தம்பி என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வேன். சொல்லிவிட்டு உங்கள் மகளுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போவேன். எவன் வழி மறிக்கிறான் என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி, யமுனாவின் தாய்மாமன்,
சேகர், பந்திங்