செல்வி அம்மா

12.8.1986, செவ்வாய்

இன்று காலை அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போன வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் எங்கள் ஈஜோக் எஸ்டேட்டுக்கு வந்து அம்மாவைப் பேட்டி எடுத்தாள். கையுறை தராமல் புல் மருந்து அடிக்கச் சொல்வதையும் நகம் கழன்று விழுந்ததையும் அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பேட்டி இப்போது பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாமாம். கணக்கு எழுதும் எங்கள் எஸ்டேட் கிராணியே படித்து, பிரதி எடுத்து மானேஜரிடம் நீட்டிவிட்டார்.

மத்தியானம் கடையிலிருந்து அந்தப் பேட்டி எடுத்தவளுக்குப் போன் செய்தேன்.

“அஞ்சலைங்கிற பேர ஒரு இடத்துலயும் விடல, செல்வி. எல்லாத்தையும் அடிச்சிட்டேன்லா.”

“‘நான் செல்வி அம்மா பேசுறேன்’னு மொதல் வரியிலயே இருக்கே?”

“அது வெறும் உறவுமுறைதானேன்னு விட்டுட்டேன்.”

இந்த லயத்து வீடுகளில் அஞ்சலை என்றால் யாருக்குத் தெரியும்? நான் பிறந்த நாளிலிருந்து அப்பா முதல் வேலை வாங்கும் மண்டோர் வரை எல்லோருக்கும் அவள் செல்வி அம்மாதான். மறைக்க வேண்டிய பேரை விட்டுவிட்டு, யாருமே கூப்பிடாத பேரை மறைத்திருக்கிறாள் படித்தவள்.

ஆராய்ச்சி எல்லோருக்கும் பொது என்று சமாதானம் வேறு சொன்னாள். எங்களுக்குப் பொது என்று இருப்பது லயத்துக் குழாய் ஒன்றுதான். அதையும் மண்டோர் பூட்டி வைக்கிறார்.

என் பேரால்தான் வேலை போனது என்று அம்மா என்னைத் திட்டவில்லை. ராத்திரி சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

“ஏ பிள்ள, வந்து சாப்புடு.”

இன்று மட்டும் என் பேரைச் சொல்லவில்லை.