பத்தாவது ஆளாக என்னை உள்ளே அழைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
லேசர் மிண்ட்ஸ்,
மூக்குக்கண்ணாடிக் கடை (ஓய்வு),
மான்ட்ரியல்.

பெறுநர்:
திரு. ரூவன் கெஸ்லர் அவர்கள்,
தலைவர், ஜெப ஆலய நிர்வாகக் குழு,
மான்ட்ரியல்.

பொருள்: காலை ஜெபத்துக்கு ஆள் குறையும் நாட்களிலாவது என் மீதான தடையைத் தளர்த்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தடைக்கான காரணம் தாங்கள் அறிந்ததே. குறை உள்ளவன் ஓய்வுநாளில் வேத வாசிப்பை நிறுத்திவைத்துச் சபையிடம் முறையிடலாம் என்பது நம் பழைய வழக்கம். அதன்படி மேடையேறினேன். இஸ்ரேல் நாட்டுக்காக ஜெபிக்கும் நாம், காசாவில் சாகும் குழந்தைகளுக்காகவும் ஒரு வரி ஜெபிக்க வேண்டும் என்றேன். அந்த நாட்டை ஆதரித்தால்தான் யூதன் என்பதை ஏற்க மாட்டேன் என்றும் சொன்னேன். "இறங்குடா கீழே, மானத்தை வாங்காதே" என்று முதலில் கத்தியவர் என் அண்ணன் யூடல்தான். மறுவாரம், ஆலயத்துக்குள் நான் நுழையத் தடை வந்தது.

2. அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மகள் இஸ்ரேலில், ஹைஃபா நகரில் இருக்கிறாள். அங்கே சைரன் ஒலித்தால் இங்கே இவருக்குத் தூக்கம் போய்விடும். யூதனுக்கு ஓடி ஒளிய ஓரிடம் வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த இடத்துக்காக இன்னொருவனை விரட்டினால் நம் தர்மத்தில் என்ன மிஞ்சும் என்பது என் கட்சி. இப்படியே பல வருடம் ஒரே பெஞ்சில் இருந்தோம். நாட்டுக்கான ஜெபத்தில் அவர் எழுந்து நிற்பார், நான் உட்கார்ந்திருப்பேன். "என்னடா, முட்டி வலியா, கொள்கையா?" என்று குனிந்து கேட்பார். மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான்.

3. சென்ற செவ்வாய் எங்கள் தந்தையின் நினைவு நாள். இறந்தவருக்கான காதிஷ் ஜெபத்தைச் சொல்ல, சபையில் பத்து ஆண்கள் வேண்டும். உள்ளே ஒன்பது பேர்தான் இருந்தார்கள். ஆலயப் பணியாளர் வெளியே வந்து தெருவின் இருபுறமும் ஆள் தேடினார். எதிர்ச்சாரி மருந்துக்கடை வாசலில் நின்ற என்னையும் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். எங்கள் அப்பாவுக்கு இந்த வருடம் காதிஷ் சொல்லப்படவில்லை.

4. வெளியே வந்த அண்ணன், "இந்தக் குளிர்ல மப்ளர் கூட இல்லாம நிக்கிறியே, அறிவிருக்கா?" என்று அந்தப் பக்கமிருந்தே கேட்டுவிட்டு நடந்தார். ஏழு மாதத்தில் என்னிடம் அவர் பேசியது இவ்வளவுதான். அவர் பக்கத்தில் உட்கார ஏங்குகிறேன் ஐயா. இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை.

5. கருத்தை மாற்றிக்கொண்டதாக எழுதித் தர என்னால் இயலாது. மறைநூல் வாதத்தில் தோற்றவர் சொன்னதையும் அழிக்காமல் எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர் என்பதை மட்டும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

6. அடுத்த மாதம் அம்மாவின் நினைவு நாள். உறுப்பினர் உரிமையோ பழைய இருக்கையோ கேட்கவில்லை. அன்று ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடும்படி பணியாளருக்கு உத்தரவிட வேண்டுகிறேன். காதிஷை அண்ணனே சொல்லட்டும். நான் கதவோரம் நின்று ஆமென் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்.

இடம்: மான்ட்ரியல்
நாள்: 20.02.2025

தங்கள் உத்தரவுக்காக எதிர்ச்சாரியில் காத்திருக்கும்,
லேசர் மிண்ட்ஸ்