தகரத்தில் எழுதியிருந்தது

மச்சான்,

ஆட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து நேற்று ஒரு தகரம் விழுந்தது. துரு தின்றது போக எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. இந்த வயதில் படிக்கக் கற்றுக்கொண்டவன் எதைத்தான் விடுவான்? விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன.

உனக்குத் தெரிந்த தகரம்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியில் ஒரு பெட்ரோல் பங்க்கை மூடினார்கள். மண்ணுக்குள் கிடந்த டாங்கியை மணலால் நிரப்பினால்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவார். கிணறு வெட்டும் என்னையும், பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் உன்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அடிச்சேற்றை வழிக்க நான் இறங்க வேண்டும். எந்தப் பாழுங்கிணறானாலும் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவேன். அணைந்தால் கெட்ட காற்று. அன்றும் விளக்கேற்றத் தீக்குச்சியை எடுத்தேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"ஏலே மாப்ளே, வேணாம். மொதல்ல தண்ணிய விட்டு நெறப்பணும்."

"காலி டாங்கிக்கு எதுக்குத் தண்ணி? ஊருல குடிக்கவே இல்ல."

"காலின்னு ஆரு சொன்னா, மொதலாளியா? மோந்து பாரு."

தண்ணீர் வண்டிக்காரன் உன் சின்னையா மகன். சங்கதி அதுதான் என்று எனக்குப் பட்டது.

"ஒன் ஆளுக்கு லோடு புடிச்சுக் குடுக்கியோ?"

நீ கோபப்படவில்லை. கம்பத்தில் தொங்கிய தகரத்தைக் காட்டினாய்.

"அங்கன பாரு. நெருப்புப் பத்த வச்சா செயிலுன்னு எழுதிருக்கு."

உன்னை நம்பவில்லை, எழுத்துக்குப் பயந்தேன். குச்சியைப் பெட்டிக்குள் வைத்தேன்.

வண்டி வண்டியாகத் தண்ணீர் போனது. வாய்வரை நிறைந்ததும் மயில்கழுத்து நிறத்தில் பெட்ரோல் மிதந்தது. கந்தையில் ஒற்றி, ரோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்க் கொளுத்தினாய். குப்பென்று ஆள் உயரத்துக்கு எழுந்தது. பிறகு மேலே நின்றபடியே, தண்ணீர் வழிய வழிய மணலைக் கொட்டி மூடினோம். கேட்பாரில்லாத அந்தத் தகரத்தைக் கழற்றி வந்து என் கொட்டகைக் கூரையில் போட்டேன்.

அப்படியும் என் புத்தி மாறவில்லை. டீக்கடையில் நீயும் வண்டிக்காரனும் சேர்ந்து நின்றால், என்ன பேசுகிறீர்கள் என்று பல வருடம் ஒட்டுக்கேட்டிருக்கிறேன்.

தகரத்தில் இருப்பது இதுதான், மச்சான்: "இங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாது."

படிக்கத் தெரியாமல் குத்துமதிப்பாய் அடித்துவிட்டாயா, படித்துவிட்டே பொய் சொன்னாயா? எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் இதை மட்டும் விட்டுவிட்டேனே!

இன்றும் தீக்குச்சியை எடுத்தால் மணிக்கட்டில் உன் பிடி இருக்கிறது. தகரத்தை வீட்டுக்குள் சாத்தி வைத்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால், நீ படித்தபடியே படித்துக் காட்டுகிறேன்.