மறுமுனையில் வந்த பெட்டி

அண்ணா,

மே 14, பகல் 2.47. ஹம்பர்க் நிலையத்தில் ஆட்கள் இருவர், அம்மாவும் நானும்; பயணப் பெட்டிகள் மூன்று.

இடுப்பு அறுவைக்குப் பிறகு அம்மாவால் நடக்க முடியாது, முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றாய். நடந்து காட்டினால் வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னாய்.

கோபன்ஹேகன் வண்டியிலிருந்து இறங்கி, சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போகும் வண்டிக்காக நடைமேடையின் ஒரு முனையில் நின்றோம். ரயில் பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருவதாக அறிவித்தார்கள். ஜெர்மனியில் இது சகஜம். எங்கள் பெட்டி மறுமுனைக்குப் போய்விட்டது. கூட்டம் எதிரும் புதிருமாக ஓடியது.

"என் முதுகுல ஏறும்மா" என்றேன்.

"போடா. நீ பெட்டியத் தூக்கு, நான் என்னைத் தூக்கிக்கிறேன்."

சக்கரம் வைத்த தன் வாக்கரை நேராகக் கூட்டத்துக்குள் விட்டாள். "விலகுங்க, இதுக்கு பிரேக் கிடையாது" என்று கோபன்ஹேகனில் பழகிய டேனிஷில் கத்தினாள். ஜெர்மன்காரர்கள் புரியாமலே விலகினார்கள்.

மூச்சிரைக்க நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். "எங்கடா நின்னுட்ட?"

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை இல்லத்துக்குப் போன் செய்து, இடம் வேண்டாம் என்பேன்.
2. ஊர் திரும்பியதும் அவள் குளியலறையில் கைப்பிடி பொருத்துவேன்.
3. அம்மாவின் வீட்டை விற்க நீ அனுப்பிய பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்.

உன் தம்பி