கறுப்புக் கல்லுக்கு நடுவே ஒரு முழம் சிவப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, பின்பக்கக் குழாய் ஒழுகியதை மாற்றியாகிவிட்டது. சித்தப்பாவுக்கு என்னதான் ஆச்சு என்று நீ போனில் மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பேச வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி இன்னும் இறங்காத மாதிரி இருக்கிறது. எழுதினால் வருமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். சுரங்கப்பாதை போகிற வழி நெடுக மலைமேலிருந்து துளை போட்டு எடுக்கிற உருளைக் கற்களை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, எத்தனை அடி ஆழத்தில் வந்தது என்று பெயின்டால் எழுதி ஷெட்டில் வைக்க வேண்டும். மலை முழுக்கக் கறுப்புக் கல். கல் படித்த அம்மா ஒருவர் வருவார், அவர் சொன்னதுதான், இது ஏதோ ஒரு எரிமலை உச்சியிலிருந்து வழிந்தது இல்லையாம், தரையே மைல் கணக்கில் பிளந்து நெருப்புக் குழம்பு வெள்ளமாக வெளியே வந்து நூற்றுக்கணக்கான மைல் பரவி உறைந்ததாம். அதுவும் ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. ஒரு வெள்ளத்துக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வருஷம் சும்மா கிடந்து மண்ணாகி, செடி முளைத்து, அடுத்த குழம்பு வந்து அதை மூடிச் சுட்டுவிடும். அந்த மண்தான் கறுப்புக்கு நடுவே செங்கல் நிறத்தில் பட்டையாக வரும். கறுப்பைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும், சிவப்பு தண்ணீர் பட்டால் ஊறி உதிர்ந்துவிடும்.

நாற்பத்தோராம் பெட்டியில் ஒரு முழம் சிவப்பு வந்தது. கையில் எடுத்தேன், பிஸ்கட் மாதிரி உடைந்தது. சரியாகப் பாதையின் கூரை வருகிற ஆழம். பெரிய என்ஜினியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், “தெரியும், எழுதியாச்சு, நீங்க பெட்டியை மட்டும் பாருங்க” என்றார். உள்ளே பாறை குடைகிற மெஷின் சித்தப்பா கையில்தானே, சாப்பாட்டு நேரத்தில் அவனிடமும் சொன்னேன். “கோடி கோடி வருஷமா நிக்கிற மலைண்ணே, நான் உள்ள இருக்கிற அன்னைக்குன்னு பாத்தா விழப்போகுது?” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்ததை உனக்குச் சொல்ல வேண்டும், அதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை.

பதினோரு நாள் கழித்து, மழைத் தண்ணீர் இறங்கியிருந்த ஒரு காலையில், கூரை இடிந்து இறங்கியது. அதுவரை அங்கே கூரையைத் தாங்க முட்டே கொடுக்கவில்லை. அவனோடு உள்ளே இருந்த நாலு பேரும் டீ குடிக்க வெளியே வந்துவிட்டார்கள், இவன் மெஷினை அணைக்க நின்றிருக்கிறான். நான் வாசலை ஒட்டிய ஷெட்டில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் இல்லை, யாரோ மூட்டையை இறக்கிப் போட்ட மாதிரிதான். எழுதிக்கொண்டிருந்த நம்பரை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அவன் காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்று என்ஜினியர் ஷெட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். “அந்த ஒரு பெட்டியைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல கொட்டிடுங்க. விசாரணைன்னு வந்தா எல்லாருக்கும் சிக்கல், உங்களுக்கும் முன்னாடியே தெரியும்தானே” என்றார். கடைசியாகச் சொன்னது உண்மை. சரி சார் என்றேன். தள்ளுவண்டியில் ஏற்றினேன், பள்ளத்துக்கு வலது கைப்பக்கம் திரும்ப வேண்டும், நான் திரும்பவில்லை. துணிச்சல் என்று நினைத்துவிடாதே, கால் நேரே போயிற்று, அவ்வளவுதான். வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தாள்.

போன மாதம் விசாரணையில் அதை மேஜைமேல் வைத்தேன். எப்போது தெரியும் என்று அதிகாரி கேட்டார், கூரை விழுவதற்குப் பதினோரு நாளுக்கு முன்பே தெரியும் என்றேன். சித்தி பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்ஜினியரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள், முட்டுக் கொடுக்காமல் இனி ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள், என்னிடமும் ஷெட் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வராந்தாவில் சித்தி, “தெரிஞ்சுமா அவரை உள்ள விட்டீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

நேற்று அவளே போன் பண்ணினாள், சமையலறை பல்பு போயிடுச்சு, எனக்கு எட்டலை என்று. போனேன். உட்காருங்க என்று சொல்லவில்லை, ஸ்டூலை மட்டும் கொண்டுவந்து போட்டாள். ஏறினேன், ஒரு கால் குட்டையோ என்னவோ, ஸ்டூல் ஆடியது. அவள் குனிந்து இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “விழுந்துடாதீங்க” என்றாள். பல்பை மாட்டிய பிறகும் கொஞ்ச நேரம் மேலேயே நின்றேன். அவளும் பிடித்த கையை எடுக்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை சித்திக்கு மறக்காமல் போன் செய், இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே, குட்டியைப் பேசவிடு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள்.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா