இன்று ஊதிய சைரன்

அக்கா,

இன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் மில்லில் சைரன் ஊதியது. ஒரு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். நீ வைத்த சைரன். குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். நீதான் வந்துவிட்டாய் என்று மில் பக்கம் ஓடக் காலெடுத்தேன். அப்புறம்தான் பயம் வந்தது. நீ செத்துப்போன அன்றைக்கு அது ஊதவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாள்கூட ஊதவில்லை. நாளைக்கு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றதும் எப்படி ஊதுகிறது?

அம்மா தூங்குகிறாள், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள். இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. விளக்குத் திரியைக் குறைத்துவிட்டு எழுதுகிறேன்.

நீ வேலை பார்த்த சென்னைக் கம்பெனியிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை நீ பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாய். பெரியப்பா மில்லின் எல்லா மிஷின்களையும் இனி இதுதான் ஓட்டும் என்றாய். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "உள்ள ஒரு மேஸ்திரி கீறான்டி. ஒரு வேலையும் செய்யமாட்டான். யாரை முதல்ல எழுப்பணும், யாரைக் கடைசில வூட்டுக்கு அனுப்பணும்னு மட்டும் பாத்துப்பான்" என்றாய். அவனுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயராம். அந்த வரிசையை நீதான் எழுதியிருந்தாய்.

எனக்குப் புரியவில்லை என்றதும் எங்களையே மிஷின்களாக நிற்கவைத்தாய். கிளம்பும்போது கடைசி மிஷின் முதலில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் வரும் நெல் அங்கே குவிந்து அடைத்துவிடும். நிறுத்தும்போது நெல் கொட்டும் வாயை முதலில் மூடி, உள்ளே இருப்பது காலியான பிறகு மற்றவற்றை நிறுத்த வேண்டும். அம்மா சிரித்துக்கொண்டே, "எனக்கு இன்னாடி வேலை?" என்று கேட்டாள். "நீ சைரன்மா. உன் தொண்டைக்கு அதான் சரி" என்றாய்.

கரண்ட் திடீரென்று போனால்தான் ஆபத்து என்பாய். முறையாக நிறுத்த மேஸ்திரிக்கு நேரம் கிடைக்காது. நெல் அப்படியே அடைத்து நிற்கும், யாராவது கைவிட்டு எடுத்தாக வேண்டும். அதனால் கரண்ட் வந்ததும் எதுவும் ஓடக் கூடாது. முதலில் சைரன். பிறகு ஒரு ஆள் வந்து, பார்த்து, பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் பெல்ட் அசையும்.

பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நம் ஊரில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று உனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் கல்லாவை விட்டு எழுந்துபோய் அமுக்க வேண்டும், வெளியே நெல் மூட்டையோடு வண்டிகள் நிற்கும். கரண்ட் வந்தால் தானாக ஓடும்படி மாற்றித் தரச் சொன்னார். "அது மட்டும் முடியாது பெரியப்பா. ஆள் கை வெக்காம அது ஓடக்கூடாது" என்றாய். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது.

நீ சென்னைக்குப் போயிருந்த வாரம், கைப்பெட்டியோடு ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் மில்லுக்கு வந்திருந்தான். பெல்ட் விற்கிறவன் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். நீ மில்லில் இருந்தபோது கரண்ட் போனது. அடைத்திருந்த நெல்லை எடுக்க நீ கையை விட்டாய். சைரன் ஊதாமல் பெல்ட் அசையாது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

அவள் எழுதியதில்தான் தப்பு என்று முதலில் சொன்னார்கள். இப்போது பேச்சு மாறிவிட்டது. சைரன் ஊதியதாம், நீதான் காதில் வாங்கவில்லையாம். பெரியம்மா இரண்டு நாளாக எனக்குத் தலை பின்னிவிடுகிறாள். இதுவரை ஒருநாளும் அவள் என் தலையைத் தொட்டதில்லை.

சைரன் ஊதியதும் பெரியப்பாவுக்குக் காபி கொண்டுபோகும் சாக்கில் மில்லுக்குப் போனேன். அவர் வெளியே வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பெட்டி திறந்திருந்தது. உள்ளே நீ அந்த வரிசையை எழுதிவைத்த ஐ.சி. சில்லு. பூரான் போல இருபக்கமும் கால்கள். அதன் முதுகில் இருக்கும் கண்ணாடியில் வெயில் பட்டால் எழுதியது அழிந்துவிடும் என்று நீ ஒட்டிய அரக்கு நிற நெற்றிப் பொட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. பெரியப்பா பீடி பிடிப்பதில்லை. திறந்தேன். இன்னொரு ஐ.சி., முதுகில் வெள்ளைக் காகிதம். அந்தக் கைப்பெட்டிக்காரன் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தது. இன்ஸ்பெக்டர் போனதும் மறுபடி மாட்டத்தான் வைத்திருக்கிறார். தீப்பெட்டியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சாப்பிடும் நேரத்துக்கு வந்து நின்றார். மில்லில் ஒரு தீப்பெட்டி இருந்ததே, பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிக்கிற பொண்ணு, படிப்ப மட்டும் பாத்துக்கினு இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மா தாழ்ப்பாள் போட்டாள். என்னிடமிருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ. முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்: "நாளைக்குக் கேட்டா சைரன் ஊதிச்சுன்னு சொல்லிடு பாப்பா. அப்பா போனதுலருந்து நாம இருக்கிறது அவரு வூடு." உன் சைரன் சொல்வதைக் கேட்டாயா அக்கா?

இந்த வீட்டை விட்டால் எங்கே போவோம் என்று தெரியவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டரிடம் நான் அதிகம் பேச வேண்டியதில்லை. இதை மாட்டுங்கள், மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள், யாரும் கிட்டே நிற்காதீர்கள் என்று சொன்னால் போதும். மிச்சத்தை அதுவே சொல்லும்.

கொண்டுவந்த அவசரத்தில் வெள்ளைக் காகிதம் பாதி கிழிந்துவிட்டது. கண்ணாடி வெளியே தெரிகிறது. காலையில் வெயிலில் நடந்துதான் மில்லுக்குப் போக வேண்டும். உன் பொட்டு டப்பாவைத் திறந்து அரக்குப் பொட்டு ஒன்றை எடுத்தேன். உன்னைக் கொன்ற எழுத்து அழிந்துவிடாமல் இருக்க, அதன் மேல் ஒட்டி, விரலால் நன்றாக அமுக்கிவிட்டேன். ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன்.