தெருவுக்கு விட்ட இருபதடி

கும்மிடிப்பூண்டி,
பிப்ரவரி 8.

பிரின்சி அப்பாவுக்கு, ஹெலன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நானும் அத்தையும் பிரின்சியும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கோபால் அண்ணன் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் கருவாடும், அத்தை அரைத்து வைத்த மிளகாய்த்தூளும், இந்தக் கடிதமும் அனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் கத்துவீர்கள், நான் பாதியில் விட்டுவிடுவேன். முழுக்கப் படித்துவிட்டுக் கத்துங்கள்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். ஆகஸ்டில் அத்தைக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை, மாரடைப்பு. பட்டப்பகலில், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கால் மணி நேரத்தில் வந்தது. ஆனால் நம் காலனிக்கு வரவில்லை, நமக்கும் பக்கத்து மனைப்பிரிவுக்கும் நடுவிலிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. டிரைவர் போனில், "மேப்புல நூறடிதான்மா காட்டுது, எதிர்ல செவுரு கீது. இன்னா பண்றது?" என்றார். சுற்றி வர மூன்று கிலோமீட்டர், அதில் ரயில்வே கேட் வேறு. பக்கத்து வீட்டு ஏஞ்சலின் அண்ணன்மார் அத்தையைக் கயிற்றுக் கட்டிலோடு சுவர்மேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அங்கே தனியாகத் தவிப்பீர்கள் என்றுதான் மறைத்தேன்.

அந்தச் சுவரை மனைப்பிரிவு போட்டவர் எதற்காக எழுப்பினார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பிரின்சி தன் போனில் பழைய வருஷத்துச் சாட்டிலைட் படங்களை எடுத்துக் காட்டினாள். நமக்குக் கல்யாணமான வருஷத்தில் இங்கே எல்லாம் வயல், நான்கே வண்டிப்பாதை. நான்கும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. தேர்வாய் கண்டிகையில் கம்பெனிகள் வந்த பிறகு மனைப்பிரிவு மேல் மனைப்பிரிவு. ஒவ்வொன்றுக்கும் மெயின்ரோட்டில் ஒரே ஒரு வாசல், உள்ளே போனால் எந்தத் தெருவும் இன்னொரு நகருக்குள் போகாது. இன்றைக்கு முப்பத்தொரு தெரு இருக்கிறது, அதில் இருபத்தாறு முட்டுச்சந்து. "தெரு ஏறிக்கினே போவுது, வழி கொறஞ்சிக்கினே போவுதும்மா" என்றாள் உங்கள் மகள்.

நான் சும்மா இருக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு அந்த மனைப்பிரிவின் அப்ரூவல் வரைபடத்தை வாங்கினேன். முதல் மனுவுக்குப் பதிலே இல்லை, மேல்முறையீடு செய்த பிறகுதான் வந்தது. அவர்களுடைய கடைசித் தெரு எல்லைவரை பொதுச்சாலை என்று அதில் இருந்தது. தெருக்கள் எல்லாவற்றையும் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் சுவர் நிற்பது பொதுச்சாலையில்.

அதை எடுத்துக்கொண்டு நவம்பர் கிராமசபைக்குப் போனேன். எழுந்து நின்று அதில் இருந்ததை வாசித்து முடித்தேன். மனைப்பிரிவுக்காரர் ஒருவர் எழுந்து, "செவுத்த எடுத்துட்டா மட்டும் ரோடு ஆயிடுமா? அந்தாண்ட இருக்கறது இவங்க ஊட்டுக்காரர் ஜெயராஜ் மனை. அது இன்னா பப்ளிக் ரோடா?" என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த மனையை வாங்கியபோது, "ஊட்டுக்காரி பேர்ல இருக்கட்டும்" என்று என் பெயரில் பத்திரம் போட்டீர்களே. அதுதான் என் வாயில் வந்தது. "அந்த மனை என் பேர்ல கீது. நாப்பதடி அகலத்துல இருபதடி ரோட்டுக்கு உட்டுத் தர்றேன். நீங்க செவுத்த எடுங்க" என்றேன்.

பிறகு அந்த மனைப்பிரிவில் குடியிருக்கும் ஸத்யபாமா மாமி எழுந்தார். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்த குடும்பம், மகனுக்கு இங்கே கம்பெனி வேலை என்று வந்தவர்கள். "ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் அவா பக்கம்தான் இருக்கு. பேத்தியைக் கூட்டிண்டு தினம் மூணு கிலோமீட்டர் சுத்தறேன். இந்தப் பொண்ணு சொந்த நெலத்தைத் தரேங்கறா, நமக்கு ஒரு செவுரு போனா என்ன?" என்றார். தீர்மானத்தில் மாமிதான் முதல் கையெழுத்து. அவருக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பேர். சிலர் போடவில்லை, இன்றுவரை அவர்கள் என்னோடு பேசுவதும் இல்லை.

டிசம்பரில் பத்திரம் பதிந்தேன். பொங்கல் முடிந்து சுவரை இடித்தார்கள். அத்தை கம்பை ஊன்றிக்கொண்டு போய், இடித்து முடிகிறவரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலில் படுத்துத் தாண்டிய இடத்தில் நடந்து போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நடந்தார்கள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

இப்போது நான் வேலைக்குப் போகும் கம்பெனி வேன் நம் தெருவுக்குள்ளேயே வருகிறது. ஸத்யபாமா மாமியின் பேத்தி பள்ளிக்கூடத்துக்குத் தனியாகவே நடந்து வருகிறாள். பிரின்சி கணக்கில் முட்டுச்சந்து இருபத்தைந்து. ஒன்றுதானே குறைந்தது என்று சிரிக்காதீர்கள். பக்கத்து இரண்டு நகர்க்காரர்கள் என் மனுவின் நகலைக் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார்கள். கடம்பத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஒன்பதாம் வகுப்போடு நின்ற என்னை "மேடம்" என்று கூப்பிட்டார்.

உங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள், நானும் உங்கள் சொல்லைக் கேட்டிருப்பேன். வெயிலில் நீங்கள் சம்பாதித்த மண் அது என்று எனக்குத் தெரியும். தப்பு என்றால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மீதி இருபதடியில் வீடு எப்படிக் கட்டுவது என்று மேஸ்திரி கேட்கிறார். வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்பதை நானாக முடிவு செய்ய மாட்டேன். அங்கே வேலை ஒப்பந்தத்தை இன்னொரு முறை நீட்டாதீர்கள் என்றும் நான் எழுதப்போவதில்லை. ஈஸ்டர் இந்த வருஷம் ஏப்ரல் ஐந்து. அது மட்டும் எழுதுகிறேன்.

போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உங்கள்
ஹெலன்